வெரிக்கோஸ் ஸ்டொக்கிங்: செருப்பு சைஸ் சொன்னால் போதுமா?

ஜூன் 4, இரவு 8.15 – வந்த கேள்வி

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தங்கை எழுதியது: "அம்மாவுக்கு ரெண்டு காலிலயும் நரம்பு சுருண்டு நீலமாத் தெரியுது, பின்னேரமானா கால் கனக்குது என்கிறா. பாமசியில காலை இறுக்கிப் பிடிக்கிற நீளக் காலுறை, ஒரு ஸ்டொக்கிங் எடுத்துத் தந்தாங்க, செருப்பு என்ன சைஸ் என்று மட்டும்தான் கேட்டாங்க. ரெண்டு நாள் போட்டுட்டுக் கழற்றி எறிஞ்சிட்டா. இது குளிர் நாட்டுக்காரருக்கு உள்ள சாமான், நம்மட சூட்டுக்குச் சரிவராது என்கிறா. உண்மையா?"

ஜூன் 4, இரவு 10.50

செருப்பு சைஸ்! வாசித்ததும் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிடம் வெட்கமும் வந்தது, ஏனென்றால் நானும் என் முதல் சோடியை அப்படித்தான் வாங்கினேன். நான் கல்முனையில் ஒரு தையல்கடையில் கட்டிங் மாஸ்டர். 26 வருடமாக மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே துணி வெட்டுகிறேன். இடது காலில் முழங்காலுக்குக் கீழே உட்பக்கமாக ஒரு நாளம், ஊரில் நரம்பு என்கிற இரத்தக் குழாய்தான், புடலங்காய்க் கொடி மாதிரி வளைந்து வளைந்து போகும். வெரிக்கோஸ் என்பது இதைத்தான். சறம் கட்டுகிற ஆள் என்பதால் பல வருடம் யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் அக்கறை இல்லை.

கடையில் கேட்டார்கள், எட்டாம் நம்பர் என்றேன், ஒரு பெட்டி தந்தார்கள். நாலாயிரத்துச் சொச்சம் ரூபா. மத்தியானத்துக்குள் மேல்விளிம்பு சுருண்டு கயிறு மாதிரி ஆகி, முழங்காலுக்குக் கீழே இறுக்கிப் பிடித்துவிட்டது. அதற்குக் கீழே கால் முன்னைவிட வீங்கியிருந்தது. கழற்றி அலுமாரிக்குள் எறிந்தேன், ஐந்து மாதம் அங்கேயே கிடந்தது. மறுகா கிளினிக்கில் ஒரு நர்ஸ் மிஸ்ஸி "காலை அளந்துதானே வாங்கினீங்க?" என்று கேட்டா. ஊரில் பாதிப் பேரின் இடுப்பளவும் தோளளவும் என் புத்தகத்தில் இருக்கிறது. என் காலை நான் ஒருநாளும் அளந்ததில்லை.

தங்கச்சி, அம்மா எறிந்தது நியாயம்தான். சூட்டைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதல் குற்றம் அளவில்.

ஜூன் 5, மத்தியானம் 1.20

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். அளவு எடுப்பது இப்படி.

காலையில் எழும்பினவுடன், வீக்கம் வருவதற்கு முன் எடுக்க வேண்டும். பின்னேரம் எடுத்தால் நீங்கள் அளப்பது காலை அல்ல, வீக்கத்தை. என் இடது கணுக்கால் விடிய 23½ சென்ரிமீற்றர், கடை மூடும்போது 25½. இரண்டு சென்ரிமீற்றர் என்பது சட்டைக் கொலரில் ஒரு சைஸ் மாறுகிற அளவு.

கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே, கால் மிக ஒடுங்கியிருக்கிற இடத்தைச் சுற்றி ஒன்று. கெண்டைக்கால் மிகப் பருத்த இடத்தில் இன்னொன்று. தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரைக்கும் உயரம். தொடை வரைக்கும் போடுகிற வகை என்றால் தொடைச் சுற்றளவும் கால்கவடு வரைக்கும் உயரமும் கூட வேண்டும். இரண்டு காலையும் தனித்தனியாக அளங்கள், ஒன்று மாதிரி இராது. நாடாவைச் சதையில் பதிய இழுக்கவும் வேண்டாம், தொங்க விடவும் வேண்டாம். எங்கள் நாடாவில் இஞ்சி ஒரு பக்கம், சென்ரிமீற்றர் மறுபக்கம். பெட்டியில் இருக்கிற அட்டவணை பெரும்பாலும் சென்ரிமீற்றர்தான், நாடாவைத் திருப்பிப் பிடியுங்கள். நான் முதல் தடவை இஞ்சியில் எடுத்து 2.54ஆல் பெருக்கிக்கொண்டிருந்தேன், மகள் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

செருப்பு சைஸ் பாதத்தின் நீளத்தைத்தான் சொல்லும். கெண்டைக்கால் என்ன பருமன் என்று அதற்கு எப்படித் தெரியும்?

ஜூன் 5, இரவு 9.30

"அது என்ன செய்யுது, சும்மா இறுக்கிறதுதானே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சும்மா இறுக்குவது என்றால் பழைய துணியைக் கிழித்துக் கட்டினாலே போதும்.

காலுக்குப் போன இரத்தம் மேலே ஏற வேண்டும். நாளத்துக்குள் ஒருவழிக் கதவு மாதிரிச் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. நடக்கும்போது கெண்டைக்காற் சதை பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளும், அது கீழே வராமல் வால்வு மூடிக்கொள்ளும். வால்வு பழுதானால் இரத்தம் கீழே தேங்கி நாளம் தள்ளிக்கொண்டு வரும். என்னை மாதிரி நடக்காமல் ஒரே இடத்தில் நிற்பவனுக்குப் பிழிகிற வேலையும் நடப்பதில்லை. ஸ்டொக்கிங் கணுக்காலில் கூட இறுக்கி, மேலே போகப் போக இறுக்கத்தைக் குறைக்கும். அந்தப் படிப்படியான இறக்கம்தான் அதன் சூட்சுமம். என் முதல் சோடி மேலே சுருண்டு இறுக்கியபோது வேலை தலைகீழாகிவிட்டது. மேல்விளிம்பை மடித்து விடுகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். நீளம் கூடினால் மடிக்காதீர்கள், மாற்றுங்கள்.

இன்னொன்று, தையற்காரனுக்குத் தெரிந்தது. ஒரே இலாஸ்டிக்கை மணிக்கட்டில் போட்டால் வெட்டும், அதே இழுவையில் இடுப்பில் போட்டால் தெரியாது. இழுவை ஒன்றானால் ஒல்லியான இடத்தில்தான் அமுக்கம் கூடும். அதனால்தான் எலும்பும் தோலுமான கணுக்கால் உள்ளவர்களுக்குக் காலின் முன்னெலும்பில் தோல் உரசிப் போகிறது.

ஜூன் 8, இரவு 11.05

பெட்டியில் போட்டிருக்கிற கிளாஸ், அதாவது எவ்வளவு இறுக்கும் என்கிற தரம், அதைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். கிளாஸ் 1 என்றால் கணுக்காலில் 18 முதல் 21 மில்லிமீற்றர் இரசம், கிளாஸ் 2 என்றால் 23 முதல் 32, கிளாஸ் 3 என்றால் 34 முதல் 46. இரசம் என்றது குருதி அமுக்கம் அளக்கிற இரசம், மிளகு இரசம் அல்ல. புடைத்துத் தெரிகிற நாளமும் பின்னேர வீக்கமும் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் கிளாஸ் 2 எழுதுகிறார்கள். எனக்கும் அதுதான். ஆகவே கிளாஸ் 2 கேட்டு வாங்குங்கள்.

ஜூன் 9, காலை 6.10

நேற்று எழுதியதில் கடைசி வரியை வெட்டுங்கள். ஏறாவூரிலிருந்து ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) தன் பெட்டியின் படத்தைப் போட்டிருக்கிறார். அதிலும் கிளாஸ் 2, ஆனால் பக்கத்தில் 18 முதல் 24 என்று இருக்கிறது. நான் சொன்னது ஜேர்மன் கணக்கு, அவருடையது பிரித்தானியக் கணக்கு. அவர்களுக்குக் கிளாஸ் 1 என்பது 14 முதல் 17, கிளாஸ் 3 என்பது 25 முதல் 35. அமெரிக்கச் சாமானில் கிளாஸே இராது, 15–20, 20–30, 30–40 என்று இலக்கம் மட்டும்தான். ஆக, என் கிளாஸ் 2ம் அவருடைய கிளாஸ் 2ம் ஒன்றல்ல. இரண்டாம் நம்பர் என்று சொல்லி வாங்குவது, எந்த நாட்டுச் சைஸ் என்று கேட்காமல் சப்பாத்து வாங்குவது மாதிரி. பெட்டியில் மில்லிமீற்றர் இலக்கத்தைத் தேடுங்கள், டொக்டரிடமும் அந்த இலக்கத்தையே எழுதித் தரச் சொல்லுங்கள். இலக்கமே இல்லாத பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ஜூன் 15, பின்னேரம் 4.40

சரி, சூடு. கச்சான் காற்று அடிக்கிறது, மணலும் நெருப்பும் சேர்ந்து முகத்தில் வீசுகிற மாதிரி. கடையில் இரண்டு காற்றாடி சுற்றியும் புழுங்குகிறது. இந்த நேரத்தில் இதைப் போட்டுக்கொண்டு நிற்பது சுகமான காரியம் என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. ஆனால் சூட்டில்தான் நாளம் விரிந்து கால் இன்னும் வீங்கும். அம்மா சொல்வதற்கு மாறாக, இந்த ஊருக்குத்தான் இது கூடத் தேவை.

நான் செய்கிற சமாளிப்புகள். விரல் திறந்த வகையாக எடுத்தேன், பாட்டா செருப்புக்குத் தோது. முதலில் தொடை வரைக்கும் வருகிற வகை வாங்கினேன், நீளம் கூடினால் நன்மையும் கூடும் என்ற நினைப்பில். சறத்துக்குள் அது வியர்த்து வழுகிப் படுகிற பாடு சொல்லி மாளாது. டொக்டர் முழங்கால் வரைக்கும் போதும், நீங்கள் போடாத நீளத்தால் என்ன பிரயோசனம் என்றார். நடுவில் அரை மணி கழற்றிக் காலை உயர்த்தி வைத்துவிட்டுத் திரும்பப் போடுகிறேன். வியர்வை குடியாமல் காற்று வாங்குகிற மெல்லிய பின்னலும் இருக்கிறது, அது விலை கூட.

தேங்காய் எண்ணெய் பூசிவிட்டு அதன்மேல் போடாதீர்கள், இலாஸ்டிக் போய்விடும். எண்ணெயோ கிறீமோ இரவில். இரவு படுக்கும்போது ஸ்டொக்கிங்கையும் கழற்றிவிட வேண்டும். தோய்த்தவுடன் நல்ல வெயிலில் காயப் போட்டால் வியர்வை மணம் போகும்.

ஜூன் 15, இரவு 10.15

வெயிலில் காயப்போடச் சொன்னது யார்? நான்தான். இலாஸ்டிக் வெயிலில் செத்துப் போகும் என்று கடையில் பொடியன்களுக்குத் தினமும் சொல்கிற அதே ஆள். மன்னிக்கவும். வெதுவெதுப்பான தண்ணியில் மெல்லிய சவர்க்காரம், பிளீச் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது. துவாய்க்குள் சுருட்டி அமத்தித் தண்ணியை எடுத்துவிட்டு நிழலில் விரித்துப் போடுங்கள். இரண்டு சோடி இருந்தால் மாறி மாறிப் போடலாம். தினமும் போடுவதென்றால் ஆறு மாதத்தில் இறுக்கம் தளர்ந்துவிடும். பார்வைக்குப் புதுசு மாதிரியே இருக்கும், நம்பாதீர்கள்.

ஜூன் 23, காலை 9.30

ஞாயிற்றுக்கிழமை. காரைதீவுக் கடற்கரைக்குப் போய்விட்டு வந்தேன். இந்த மாதங்களில் கடல் சாது. முழங்கால் தண்ணியில் அரை மணி நடந்தால் கால் பஞ்சு மாதிரி ஆகிவிடுகிறது. இது என் மனப்பிரமை அல்ல என்று மகள் கணக்குப் போட்டுக் காட்டினாள், உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறாள். பத்து சென்ரிமீற்றர் தண்ணி ஏழு மில்லிமீற்றர் இரசத்துக்குச் சற்றுக் கூடுதலாக அமுக்கும். முழங்கால் 45 சென்ரிமீற்றர் என்றால் அடியில் 33. மேலே வர வர குறைந்து முழங்காலில் பூச்சியம். கடல் இலவசமாகத் தருகிற படிப்படியான ஸ்டொக்கிங்!

இதை அமெரிக்காவில் ஒரு பொறியியலாளர் முன்பே கண்டுபிடித்துவிட்டார். கொன்ராட் ஜோப்ஸ்ட் என்று பெயர். அவருக்கே காலில் நாளப் பிரச்சினை. நீச்சல் குளத்தில் நிற்கும்போது வலி குறைவதைக் கவனித்து, தண்ணியின் அந்த அமுக்கத்தைத் துணியில் கொண்டுவரப் பார்த்தார். 1950இல் அவர் தொடங்கிய கம்பனியின் பெயரில் இன்றைக்கும் ஸ்டொக்கிங் விற்கிறது.

ஜூன் 23, இரவு 8.00

மகள் இதை வாசித்துவிட்டு "33 உங்கட உள்ளங்காலில அப்பா, கணுக்காலில இல்ல" என்று திருத்துகிறாள். கணுக்கால் தரையிலிருந்து பத்து சென்ரிமீற்றர் மேலே. அங்கே தண்ணி 35 சென்ரிமீற்றர்தான், அதாவது 26 மில்லிமீற்றர். ஜேர்மன் கிளாஸ் 2க்குள் நேராக வந்து விழுகிறது. எனக்கு இதில் சொல்ல முடியாத சந்தோசம்.

படுவான்கரையில் இருந்து ஒருவர்: "அப்ப வயலுக்குள்ள நிக்கிற எங்களுக்கு ஏன் அண்ணே நரம்பு சுருளுது?" வயல் தண்ணி முழங்கால் அளவா நிற்கிறது, தம்பி? கணுக்கால் சேறு. அதோடு முதுகில் நெல்மூட்டை.

ஜூலை 2, இரவு 9.15

நிந்தவூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டது நல்ல கேள்வி, எனக்குத் தோன்றியே இராது. ஐந்து வேளைத் தொழுகைக்கும் முன் வுழு செய்ய, அதாவது முகம் கை கால் கழுவ, இதைக் கழற்றிக் கழற்றிப் போட முடியுமா? என் பக்கத்து மேசைக் காக்காவிடம் கேட்டேன், அவருக்கும் இதே கால். அவர் விடியற்காலைச் சுபஹுக்கு வுழு எடுத்துத் தொழுத கையோடு போட்டுவிடுவாராம். மத்தியான லுஹருக்கும் பின்னேர அஸருக்கும் கழற்றாமல் ஈரக் கையால் மேலே தடவி மஸ்ஹு செய்கிறார், தன் மௌலவியிடம் கேட்டுத்தான். உங்கள் மௌலவி என்ன சொல்கிறார் என்று நீங்கள் கேளுங்கள், அது தையற்காரன் சொல்கிற விசயம் இல்லை. நான் சொல்லக்கூடியது, விடிய வீக்கம் வருமுன் போடுவதுதான் இலேசு. எழும்பி நடமாடிவிட்டால் பத்துப் பதினைந்து நிமிடம் காலை உயர்த்திப் படுத்துவிட்டுப் போடுங்கள்.

போடுகிற முறை கேட்டவருக்கு: கையை உள்ளே விட்டுக் குதிக்காலைப் பிடித்து, அது வரைக்கும் உள்புறம் வெளியே வரத் திருப்புங்கள். பாதத்தை நுழைத்துக் குதியைச் சரியாக உட்கார வைத்துவிட்டு, மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வழியுங்கள். பாத்திரம் கழுவுகிற இறப்பர் கையுறை போட்டால் பிடி வழுகாது, நகமும் கீறாது. விளிம்பைப் பிடித்து ஒரே இழுவையாக இழுப்பவர்கள் ஒரு மாதத்தில் கிழிப்பார்கள். என் மனைவி முதல் வாரம் எனக்குப் போட்டுவிட்டாள். இரண்டாம் வாரம் கையுறையை என் மடியில் எறிந்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜூலை 13, இரவு 11.40

இதை முதலாவதாக எழுதியிருக்க வேண்டும். இன்றைக்கு நடந்ததால்தான் உறைத்தது.

மாமி களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்து நிற்கிறா. 71 வயது, சீனி வருத்தம் இருபது வருடமாக. நான் போட்டுக்கொண்டு சுகமாகத் திரிவதைப் பார்த்து, என் பழைய சோடி ஒன்றை எடுத்துக் காலையில் போட்டிருக்கிறா. "எனக்கும் கால் கடுக்குதுதானே மனே." பின்னேரம் கழற்றினால் முன் எலும்பில் சிவந்த தடம், விரல்கள் பச்சைத்தண்ணி மாதிரிக் குளிர். அவவுக்கு வலிக்கவே இல்லை. சீனி வருத்தத்தில் உணர்ச்சி குறைந்த கால், அதுதான் பயம். ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம், காயம் இல்லை, தப்பியது.

அங்கே டொக்டர் சொன்னதை என் பாசையில் சொல்கிறேன். நாளத்தின் கதை இரத்தம் மேலே ஏறாதது. நாடி என்பது காலுக்கு இரத்தம் கொண்டுவருகிற குழாய், அதன் கதை இரத்தம் கீழே வராதது. நாடி அடைத்த காலில் வெளியிலிருந்தும் இறுக்கினால், வருகிற கொஞ்சமும் நின்றுவிடும். அதனால்தான் கையிலும் கணுக்காலிலும் இரத்த ஓட்டத்தைக் கண்டுபிடிக்கிற டொப்ளர் கருவி வைத்து அமுக்கம் பார்த்து, கணுக்காலுடையதைக் கையினுடையதால் வகுக்கிறார்கள். 0.8க்கு மேலே வந்தால் பொதுவாகப் போடலாம், 0.5க்குக் கீழே என்றால் தொடவே கூடாது, இடையில் வந்தால் டொக்டர் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். சீனி வருத்தக்காரரின் நாடி கல்லாகி இருந்தால் இந்தக் கணக்கே பொய்யாகக் கூடிக் காட்டும், அதையும் அவர்கள்தான் பார்க்க வேண்டும். சீனி வருத்தம், பீடி சிகரெட், நடந்தால் கெண்டைக்கால் பிடித்து நின்றால் விடுவது, ஆறாத விரற்புண், கடுமையான இருதய வருத்தம், இவற்றில் ஏதாவது இருந்தால் பாமசியில் நின்று தீர்மானிக்காதீர்கள்.

அக்கரைப்பற்றுத் தங்கச்சி, உங்கள் அம்மாவுக்குச் சீனி இருக்கிறதா? நான் இத்தனை நாள் கேட்கவே இல்லை.

ஜூலை 14, காலை 5.50

சீனி இல்லை, பிரசர் மட்டும் என்று பதில் வந்திருக்கிறது. நல்லது. ஆனாலும் டொப்ளர் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஜூலை 20, இரவு 10.30

லண்டனில் இருக்கிற மச்சான் நீளமாகத் திட்டி எழுதியிருக்கிறான். "இதைப் பற்றி இவ்வளவு எழுதுறியே, இது நோயைச் சுகமாக்குமா?" சுகமாக்காது. வளைந்த நாளம் நேராகாது. கழற்றினால் பழையபடிதான். கனம், கடுப்பு, வீக்கம் குறையும், அவ்வளவே. அவன் சொல்வது, அங்கே நைஸ் என்கிற நிறுவனம் 2013இலேயே வழிகாட்டல் போட்டுவிட்டது: முதலில் ஸ்கான், பிறகு வெப்பத்தால் நாளத்தை அடைப்பது, அது சரிவராவிட்டால் நுரை மருந்து ஊசி, அதுவும் இல்லையென்றால் அறுவை. இவை பொருந்தாதவர்களுக்குத்தான் சிகிச்சையென்று ஸ்டொக்கிங்.

இரண்டு நாள் யோசித்தேன். அவன் சொல்வது சரி. நான் ஸ்டொக்கிங்கை முடிவாக எடுத்துக்கொண்டு கிளினிக் போவதை ஒன்றரை வருடம் நிறுத்தியிருந்தேன். அது என் பிழை. ஆனால் அவன் இருக்கிற இடம் வேறு. இங்கே ஸ்கானுக்குத் திகதி, அறுவைக்குத் திகதி, இடையில் கடையை மூட முடியாது. அந்த இடைவெளியில் நிற்கிற காலுக்கு இதுதான் துணை. வயிற்றில் பிள்ளை உள்ளவர்களுக்கும் கால் கனத்தைக் குறைக்க இதைத்தான் பார்ப்பார்கள். அடுத்த புதன் நான் கிளினிக் போகிறேன், மச்சானுக்கு இப்போது சந்தோசமா?

ஜூலை 21, காலை 6.30

ஒருவர் தந்தியடித்த மாதிரிக் கேட்டிருக்கிறார்: "நரம்பு வெடிச்சு ரத்தம் வந்தா?" படுங்கள், காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்துங்கள், அந்த இடத்தைச் சுத்தத் துணியால் அமத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நின்றுகொண்டு கழுவாதீர்கள். ஒரு காலில் மட்டும் திடீரென்று வீக்கமும் வலியும் சூடும் வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். அது உள்ளே கட்டியான இரத்தமாக இருக்கலாம், ஸ்டொக்கிங் போட்டுப் பார்க்கிற விசயம் இல்லை.

ஆகஸ்ட் 3, மத்தியானம் 1.05

அப்பாவின் ஒப்பரேசனுக்கு வாட்டில் போட்ட வெள்ளை ஸ்டொக்கிங் வீட்டில் கிடக்கிறது, போடலாமா என்று கேட்பவருக்கு: அது படுத்திருப்பவருக்கு இரத்தம் கட்டாமல் இருக்கச் செய்தது. நின்று வேலை செய்கிற காலுக்கு அதன் இறுக்கம் போதாது. சும்மா வெள்ளையாக அழகாக இருக்கும்.

செப்டெம்பர் 21, இரவு 9.00

அக்கரைப்பற்றிலிருந்து அளவு வந்திருக்கிறது, விடிய ஐந்தே காலுக்கு எடுத்ததாம்: கணுக்கால் 22, கெண்டைக்கால் 35, உயரம் 38. டொப்ளர் பார்த்தாயிற்று, 1.0. டொக்டர் 18 முதல் 21 எழுதிக் கொடுத்திருக்கிறார், நான் கிளாஸ் 2, கிளாஸ் 2 என்று கத்தியதை அவர் கேட்கவில்லை, நல்லதாகப் போயிற்று. அம்மா மூன்று வாரமாகப் போடுகிறாவாம். இன்னும் திட்டுதான், "மேஸ் இல்ல இது, பாம்புச் சட்டை" என்று. ஆனால் கழற்றி எறிவதில்லை.

எனக்கு ஸ்கான் முடிந்தது, வெட்டுகிற திகதி தை மாதத்துக்குப் பிறகு. ஆறு மாதமானதால் புதுச் சோடி எடுக்க இன்று விடிய மறுபடி அளந்தேன். கடை அளவுப் புத்தகத்தில் கடைசிப் பக்கம், வாடிக்கையாளர் பெயர் இருக்கிற இடத்தில் "நான்" என்று போட்டு: இடது 23, 37½, 41. வலது 22, 36½, 41. பொடியன் பார்த்துவிட்டு, எப்ப தைச்சு முடியும் மாஸ்டர் என்று கேட்கிறான்.